விற்பனை எண்ணோடு வாடகையையும் பாருங்கள்

"கனரக லாரி விற்பனையை வைத்து நாட்டின் பொருளாதார நிலையைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கேரள எல்லையில் வாளையாரை அடுத்த கஞ்சிக்கோட்டில் லாரி புக்கிங் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

புது லாரி வாங்குகிறவர் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறார். அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் தவணை. சிமெண்டும் கம்பியும் அரிசியும் தொடர்ந்து ஓடும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அந்தக் கையெழுத்தைப் போடுவதில்லை. இந்தியாவில் 2018-19இல் நடுத்தர, கனரக வணிக வாகனங்கள் சுமார் 3.9 லட்சம் விற்றன. மறு ஆண்டு சுமார் 2.25 லட்சம்தான். கொரோனா ஊரடங்கு அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான் வந்தது; சரிவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. நாட்டின் வளர்ச்சியும் அந்த ஆண்டு சுமார் 4 சதவீதத்துக்கு இறங்கியது.

விற்பனை உச்சத்தில் இருந்த அந்த 2018-19இலேயே என் சித்தப்பா 12 சக்கர வண்டி ஒன்று வாங்கினார். கேரளாவுக்கு வரும் சரக்கு அதிகம், திரும்பும் லோடு குறைவு. டயரின் ரப்பர் முள்கூட உதிராத அந்த வண்டி எங்கள் அலுவலகத்துக்கு எதிரே மூன்று நாள் காலியாக நின்றது. "தம்பி, டீசல் காசு வந்தால் போதும், ஏதாவது லோடு பார்" என்றார். பதினாறாவது மாதம் தவணை தவறி வண்டி கைவிட்டுப் போனது. இப்போது வேறொருவரின் வண்டியை ஓட்டுகிறார்.

விதிகள் மாறியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையார் வணிகவரிச் சோதனைச் சாவடியின் நீண்ட வரிசை போயிற்று; அதே வண்டிக்கு மாதத்தில் கூடுதல் நடை கிடைத்தது. 2018 ஜூலையில் 10 சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. வண்டியின் சொந்த எடை 9 டன் என்று கழித்துப் பாருங்கள்: ஆறு வண்டிச் சரக்கை ஐந்தே வண்டி சுமந்துவிடும்; சரக்கு குறையாமலேயே புது வண்டியின் தேவை குறையும். அமெரிக்காவில் 2006இல் கனரக லாரி விற்பனை உச்சம் தொட்டதற்கும், 2007இல் வரவிருந்த புகை விதிக்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு காரணம். 2007 டிசம்பரில் அங்கே மந்தநிலை தொடங்கியது.

லாரி வாடகை, அதாவது சரக்கு ஏற்றிச் செல்லக் கிடைக்கும் கூலி, ஏறிய பிறகு விற்பனை ஏறினால் நம்புவேன். வாடகை படுத்துக் கிடக்க விற்பனை மட்டும் ஏறினால், கடன் தாராளமாகக் கிடைக்கிறதா, புது விதி வருகிறதா என்று முதலில் விசாரிப்பேன்.