கொண்டைக்குருவிக் குஞ்சு நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டு இறங்குவது ஏன்?

உடலெங்கும் இறகு முளைத்து, கிளையைப் பற்றி அமரக் காலில் வலுவும் வந்து, ஆனால் தொலைவு பறக்க இன்னும் பழகாத குஞ்சையே 'கூடு இறங்கிய குஞ்சு' என்கிறோம். அதன் குட்டை வாலே அடையாளம். கோடைத் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் மல்லிகைப் பந்தலிலும் தொட்டிச் செடியிலும் கிண்ணம்போல் கூடு கட்டும் கொண்டைக்குருவி, பெரும்பாலும் 2 அல்லது 3 முட்டைகள் இடும். குஞ்சு பொரித்த இரண்டு வாரத்துக்குள் கூடு காலியாகிவிடும்.

இந்த அவசரத்துக்குக் காரணம், அந்த நாட்களில் கூடுதான் மிக ஆபத்தான இடம் என்பதே. குஞ்சுகளின் பசிக் குரலும், பூச்சியோடு பெற்றோர் ஓயாமல் வந்துபோவதும் காகம், செம்போத்து, பாம்பு, பூனை ஆகியவற்றுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஒருமுறை கண்டுகொண்டால் எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாகப் போய்விடும். தனித்தனிப் புதர்களில் பிரிந்திருந்தாலோ சிலவாவது பிழைக்கும். பயணம் போகிறவர் பணம் முழுவதையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்து வைப்பதைப் போன்றது இது. இறங்கிய பிறகும் பெற்றோர் குரலை வைத்தே குஞ்சைத் தேடிவந்து பல நாட்கள் இரை ஊட்டும். ஆகவே அதைப் பெட்டியில் அடைத்து வளர்க்க முற்படாமல், பூனையை மட்டும் விலக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பதே அதற்குச் செய்யும் பேருதவி.

மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. இறகு முளைக்காத குஞ்சு தவறிக் கீழே விழுந்திருந்தால், மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம்.