ஹெல்த் விசிட்டருக்குப் பயப்படவேண்டாம், தங்கச்சி

குழந்தை பிறந்து பத்துப் பதினாலு நாளில் ஹெல்த் விசிட்டர் (சிறு பிள்ளையுள்ள குடும்பங்களைப் பார்க்க வரும் தாதி) வீட்டுக்கு வந்து மனநிலை, கணவர் எல்லாம் விசாரிப்பாராமே, உண்மையைச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட தொட்டில், நர்சரிக் காசு பற்றி லண்டனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கதையைப் பரப்புவது எங்கள் ஆட்கள்தான். எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காதவர்கள். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு குடும்பத்துக்கு உதவி செய்வதற்கு. பிள்ளைக்குப் பெருந்தீங்கு என்ற சந்தேகம் வந்தால்தான் 47ஆம் பிரிவு விசாரணை. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். மற்றபடி உங்கள் சம்மதமில்லாமல் பிரிக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். நித்திரை இல்லை, அழுகை வருகிறது என்று சொன்னதற்காக யாரும் பிள்ளையைப் பறிப்பதில்லை.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. நானும் வன்னியிலிருந்து வந்தவள். கழுத்தில் அட்டையோடு ஒருவர் கதவைத் தட்டி, வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதினால் நெஞ்சு படபடக்கும். அங்கே அப்படி எழுதிக்கொண்டு போன பிறகு என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறோம்.

எனக்கு முதலில் வந்த ஹெல்த் விசிட்டர் என் மச்சாளையே மொழிபெயர்க்க விட்டார். பிள்ளை வீறிட்டால் ஷெல் விழுகிற மாதிரி உடம்பு நடுங்குது என்றேன். "களைப்பாம்" என்று மச்சாள் முடித்துவிட்டார். இன்றைக்கும் அது ஆறவில்லை. அடுத்து வந்தவர், எங்கே இருக்கட்டும் என்று கேட்டு நிலத்தில் இருந்தார். மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுத்தார். தொடமுன் அனுமதி கேட்டார். விருப்பமானதை மட்டும் சொல்லுங்கள் என்றார், எழுதியதை வாசித்தும் காட்டினார். மனக்காயம் உள்ளவர்களிடம் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று இப்போது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

குழந்தையின் அழுகை ஆறு எட்டுக் கிழமையில் உச்சத்துக்குப் போகும், பிறகு குறையும் என்று அவர்தான் சொன்னார். தாங்கமுடியாமல் போனால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் மூச்சு விடுங்கள், சில நிமிடத்தில் வந்து பாருங்கள். ஒருநாளும் குலுக்கக்கூடாது. களைப்பில் சோபாவில் பிள்ளையோடு நித்திரையாகவும் கூடாது. நான் நடுங்குவதை அவர் அறிந்திராவிட்டால் இதை அவ்வளவு பொறுமையாக எனக்குச் சொல்லித் தந்திருப்பாரா?

கணவர் அடிக்கிறாரா என்பது எல்லாத் தாய்மாரிடமும் தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி. உங்களைச் சந்தேகிப்பதாக நினைக்காதீர்கள். முன்கூட்டியே போன் பண்ணித் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு இல்லை. மாமியோ மச்சாளோ வேண்டாம்.

இரண்டாவதாக வந்த அந்த ஹெல்த் விசிட்டர் சொல்லித்தான், தாய்மார் சிறு பிள்ளைகளோடு போகும் சிறுவர் நிலையத்துக்குப் போனேன், அங்கேதான் ஆங்கிலம் படித்தேன். இன்று ஒரு ஜீபி (குடும்ப வைத்தியர்) நிலைய வரவேற்பறையில் வேலை. உறவினரோடு வரும் தமிழ்ப் பெண்களிடம், மொழிபெயர்ப்பாளர் எடுக்கட்டா என்று முதலில் கேட்பது நான்தான். சில மாமிமாருக்குக் கோபம் வரும், ஆனாலும் கேட்பேன்.