வெளிறிப்போன பவளத்துக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“ஒன்றேகால் வருடமாக 200 லிட்டர் மரைன் டேங்க் (கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். ஒரு பெரிய லெதர் கோரல், இரண்டு கல் நிறைய ஜோவாந்தஸ், நாலைந்து மஷ்ரூம் கோரல். பங்குனி வரைக்கும் பிரச்சினை இல்லை. ஏப்ரல் பாதியிலிருந்து எல்லாம் சுருங்கிவிட்டது. லெதர் மூன்று வாரமாக விரியவே இல்லை, மேலே மெழுகு பூசியது போல இருக்கிறது. மஷ்ரூம் வெளுத்துவிட்டது. ஜோவாந்தஸ் பாதிதான் திறக்கிறது. ஹைட்ரோமீட்டரில் உப்பு 1.025, நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், பகலில் வெப்பம் 31. லைட்டை முழுசாக ஏற்றினேன், பாஸ்பேட் ரிமூவர் போட்டேன், இரண்டு தடவை பாதித் தண்ணீர் மாற்றினேன், கோரல் டானிக் ஊற்றினேன். பலனில்லை. பேசாமல் சில்வர் பீச்சிலிருந்து கடல் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றிவிடலாமா? தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கமிருந்து புது கோரல் எடுத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?”

கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் டேங்குக்கு வருவோம். நீங்கள் செய்த நான்கு வைத்தியத்தில் மூன்று, இருந்த நோயை வளர்த்திருக்கின்றன. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதே வரிசையில் இதே தப்பைச் செய்தவன்தான். உங்களிடம் இருக்கிற லெதர், ஜோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்பவளம் கொஞ்சம் தப்பான தண்ணீரில்கூடப் பழகிக்கொள்ளும். தண்ணீர் வாரத்துக்கு ஒரு மாதிரி மாறினால்தான் அதற்குத் தாங்காது.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிச் சமைத்து வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுவது அந்தக் குடித்தனக்காரர்தான். நிறத்திலும் பாதி அவருடையது. சூடு அதிகமாகி, கூடவே வெளிச்சமும் அதிகமானால் அந்தப் பாசி பவளத்துக்கே கேடான பொருளைச் சுரக்கத் தொடங்கும். பவளம் அதை வெளியே துப்பிவிடும். உங்கள் மஷ்ரூம் வெளுத்தது இப்படித்தான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் பவளத்திட்டுகள் வெளுத்ததற்கும் இதே சூடுதான் காரணம். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கிற பவளம். அந்த நேரத்தில் லைட்டை முழுசாக ஏற்றியதும், தண்ணீரில் இருந்த கொஞ்சநஞ்ச சத்தையும் ரிமூவர் போட்டு உறிஞ்சியதும் பட்டினி கிடப்பவனை வெயிலில் நிறுத்தி வைத்தது மாதிரி.

ஆனால் என் முதல் சந்தேகம் சூட்டின் மேல் இல்லை, அந்த 1.025-ன் மேல்.

நீங்கள் வைத்திருப்பது முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்று நினைக்கிறேன். அந்த முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால் அதிகமாகக் காட்டும். நாள்பட உப்பும் சுண்ணாம்பும் படிந்து முள் கனத்துப்போனால் குறைவாகக் காட்டும். ஒன்றேகால் வருடம் ஓடிய கருவியில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். போதாததற்கு 31 டிகிரித் தண்ணீர் லேசானது, அதனாலும் அளவு குறைந்தே தெரியும். அதாவது முள் 1.025-ல் நிற்கும்போது உண்மையான உப்பு அதைத் தாண்டிப் போயிருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்திரி வெயிலில், மேலே ஃபேனும் ஓடினால், உங்கள் அளவு டேங்கில் தினம் நாலு லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்த தண்ணீரை நாலு நாளைக்கு ஒருமுறை நிரப்பி டாப் அப் செய்கிறவர் என்றால் அதற்குள் 16 லிட்டர் போயிருக்கும். 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருந்த தண்ணீர் 38-க்கு ஏறியிருக்கும். பிறகு ஒரே குடத்தில் கீழே இறங்கும். மறுபடி ஏறும். இந்த ஊஞ்சலில் லெதர் எப்படி விரியும்? குறைந்த தண்ணீரை உப்புத் தண்ணீரால் நிரப்புகிறவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்பவராக இருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

ஒளியை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது இருப்பவரிடம் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்ப் பாருங்கள். அதையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள். 35 பிபிடி அளவுக்கரைசல் சின்ன பாட்டிலில் கிடைக்கும், ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு, நீலக்கோடு 35-ல் நிற்கிறதா என்று பார்த்துத் திருகுங்கள். நான் எட்டு மாதம் பூஜ்யத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, 35 என்று நினைத்துக்கொண்டு 39-ல் டேங்க் ஓட்டியிருக்கிறேன். அந்த எட்டு மாதமும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், விற்ற பவளம் சரியில்லை என்று.

அளவு 38 என்று வந்தால் பதறி ஒரே நாளில் இறக்காதீர்கள். தினம் நாலு லிட்டர் டேங்க் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள், நாலு நாளில் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆவியாகிக் குறைவதைத் தனியாக, தினமும் காலையில், கண்ணாடியில் ஒட்டிய டேப் கோடு வரை ஈடுகட்டுங்கள். மிதவை வைத்த ஆட்டோ டாப் அப் மாட்டினால் இன்னும் நல்லது. மரைன் வைத்திருப்பவர் அழுக்கை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மருக்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. இன்னொன்று, கடலூரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வீட்டு ஆர்.ஓ. அதைக் குடிக்கிற அளவுக்குக் கொண்டுவரும், பூஜ்யத்துக்குக் கொண்டுவராது. டி.டி.எஸ். மீட்டரில் 40, 50 காட்டினால் பின்னால் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று சேருங்கள்.

அடுத்து சூடு. 26, 27-ல் நிறுத்தப் பாருங்கள். நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம், கடலை விட்டுத் தள்ளி உள்மாவட்டங்களில் இருப்பவர்கள் சொல்கிற அளவுக்கு இங்கே ஃபேன் குளிர்விக்காது. ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் அதிர்ஷ்டம். மூடியைக் கழற்றுங்கள், லைட் எரிகிற நேரத்தைப் பகலிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள், சம்பில் (டேங்கோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) தேவையில்லாமல் ஓடுகிற பம்ப் இருந்தால் நிறுத்துங்கள். இதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான், அல்லது டேங்கை ஏ.சி. அறைக்கு மாற்ற வேண்டும். ஐஸ் பாட்டில் போடும் பழக்கம் வேண்டாம், அது இன்னொரு ஊஞ்சல்.

லைட்டை இன்றைக்கே பாதிக்குக் குறையுங்கள். நிறம் திரும்பத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றலாம். பாஸ்பேட் ரிமூவரை எடுத்துவிடுங்கள். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நன்னீர் மீன் வளர்த்தவர்களுக்கு வரும் பெருமை அது. பவளத்துக்கு நைட்ரேட் ஐந்தை ஒட்டியும் பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டியும் இருப்பதுதான் வசதி. இரண்டும் பூஜ்யமாகக் கிடக்கிற டேங்கில் மணலின் மேல் பழுப்புச் சளி போல டைனோ என்ற நுண்ணுயிர் படரும், அது வந்தால் துரத்துவது பெரும்பாடு. மீனுக்கு ஒரு வேளை கூடுதலாகப் போடுங்கள், ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள், இரண்டு வாரத்தில் எண் ஏறும். டானிக் வேண்டாம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் ஊற்றாதீர்கள். மீன் நோய்க்குத் தருகிற செம்பு கலந்த மருந்து பவள டேங்கின் பக்கமே வரக்கூடாது.

கால்சியம், மக்னீசியம் பற்றி மென்பவளக்காரர் தூக்கம் கெட வேண்டியதில்லை. காரத்தன்மையை மட்டும் பாருங்கள், 8, 9 டி.கே.எச். இருக்கட்டும். குறைந்தால் சாதாரண ஆப்ப சோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் கரைத்து விட்டால் ஒரு டி.கே.எச். ஏறும், ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அது வேறு.

இப்போது அந்த மெழுகு. லெதர் கோரல் அவ்வப்போது சட்டை உரிக்கும். தலை பளபளவென்று, பூப்போல நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப்பே இல்லாமல் வழுவழுப்பாகும், மங்கிய தோல் ஒன்று ஓரத்திலிருந்து கிழியும். ஒரு வாரம், பத்து நாள் இப்படி இருந்தால் பயமில்லை. மூன்று வாரம் என்றால் தோலைத் தள்ளிவிட ஓட்டம் போதவில்லை, அல்லது உடம்பு முடியவில்லை. தண்ணீரை ஓட வைக்கிற வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்பி, நேராக அடிக்காமல் பக்கவாட்டில் உரசிப் போகிற மாதிரி வையுங்கள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் டேங்க் தண்ணீரையே உறிஞ்சி, ஒரு சாண் தள்ளி வைத்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். தோல் துணிபோல விலகும். நகத்தால் உரிக்க வேண்டாம். பிறகு தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். கெட்டியாக, சீராக நின்றால் அது பிழைக்கும். அடியில் கறுத்து, கூழாகி, தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் அழுகல் நாற்றம் அடித்தால், நல்ல சதை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே புது பிளேடால் வெட்டி, தலையை மட்டும் ஒரு கல்லின் மேல் வலைத்துணி சுற்றி வைக்கலாம். லெதர் வெட்டுக்கு அஞ்சாது.

ஜோவாந்தஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் கையைப் பிடித்துச் சொல்கிறேன். அவற்றில் பலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அந்தக் கல்லைச் சுடுதண்ணீரில் போடுவது, கொதிக்க வைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது, ஆவியோடும் தெறிப்போடும் நஞ்சு மூச்சில் ஏறும். வீட்டையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இரவில் லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அதே நிறத்தில் சின்ன ஓடில்லா நத்தை மேய்ந்தால் இடுக்கியால் எடுத்துப்போடுங்கள். அதுவும் இல்லையென்றால் உப்பும் சூடும் சரியானதும் தானே திறக்கும்.

சில்வர் பீச் தண்ணீருக்கு வருகிறேன். கடல் தண்ணீர் கெட்டதல்ல, எடுக்கும் இடம்தான் கெட்டது. தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கெடிலமும் வடக்கே தென்பெண்ணையும் கடலில் கலக்கின்றன, தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்த நாட்களில் கரையோரக் கடல் சேறாக இருந்தது உங்களுக்கே தெரியும். அலை உடைகிற இடத்தில் குடத்தில் மொள்ளும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, வேறென்ன என்பது நாளுக்கு நாள் மாறும். உப்பு மிக்ஸ் விலை அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு வாளியும் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது அதுதானே. மாற்றுவதும் வாரம் 10 சதவீதம் போதும், பாதி வேண்டாம்.

மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்பாவது வாங்கி வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது என்னிடம் அது இல்லை. எங்கள் தெருவுக்குக் கரன்ட் வருவதற்குள் டேங்க் நாறிவிட்டது.

ராமேஸ்வரத்துக் கோரலைத் தொடவே தொடாதீர்கள். திட்டு கட்டும் கல்பவளங்கள் அத்தனையும், கூடவே கடல் விசிறியும் கறும்பவளமும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. எடுப்பவருக்கும் விற்பவருக்கும் வைத்திருப்பவருக்கும் வழக்கு வரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து உடைத்த ‘லைவ் ராக்’கும் (உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறையும்) அப்படித்தான். அது போகட்டும், உங்கள் டேங்க் இப்போது இருக்கிற நிலையில் புதுசாக எது வந்தாலும் ஒரு மாதம் தாங்காது.

இடம் காலியாக இருப்பது உறுத்தினால், உப்பும் சூடும் ஆறு வாரம் அசையாமல் நின்ற பிறகு, புதுச்சேரியிலோ கடலூரிலோ மரைன் வைத்திருக்கும் யாரிடமாவது மஷ்ரூம் குட்டி கேளுங்கள். வளர்ப்பவர்களிடம் அது மிஞ்சித்தான் கிடக்கும், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஓட்டம் குறைவான மூலையில், சின்னக் கல்சில்லு போட்ட கிண்ணத்தில் விட்டு மேலே வலை கட்டுங்கள். பத்து நாளில் ஏதாவது ஒரு சில்லைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில்லை சூப்பர் க்ளூ ஜெல்லால் பாறையில் ஒட்டிவிடலாம்.