பட்டறைப் பக்கம்: மரை போன போல்ட்

கேள்வி: பழைய சின்ன கார். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மை, வண்டியின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமோடு பிடிக்கிற எம்12 போல்ட் (12 மி.மீ. தடிமன்; பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25 மி.மீ.) இறுக்க இறுக்கச் சும்மா சுற்றுகிறது. மரையில் செம்பு இழை வைத்து முறுக்கினால் புனலூர் வரை போய்வரலாம் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?
– வாசகர், புளியரை

பதில்: வேண்டாம். புளியரை எஸ் வளைவு ஏறும்போது ஒன்றும் தெரியாது. ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் மொத்த இழுவையும் அந்த ஆர்மில் விழும்.

போல்ட் குறுக்கே நின்று பாரம் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை, ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாயை சப்ஃப்ரேமின் பிராக்கெட்டோடு நெரித்துப் பிடிப்பது. பிடி தளர்ந்தால் குழாய் நழுவும், துளை நீள்வட்டமாகும், போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் ஒடியும். செம்பு இழை, டெஃப்லான் டேப், எம்-சீல் எல்லாம் கைக்கு இறுகியதுபோலக் காட்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டதும் பிதுங்கிவிடும்.

முதலில், சுற்றுவது எது என்று பாருங்கள். போல்ட் இறுகவும் இல்லை, கழன்று வெளியே வரவும் இல்லை என்றால், உள்ளே வெல்ட் வைத்த நட்டே பிய்ந்துவிட்டது. சாரலிலும் சேற்றிலும் ஓடும் வண்டிகளில் துருவால் இது வரும். அதற்கு சப்ஃப்ரேமைத் திறந்து புது நட்டு வெல்ட் வைப்பது ஒன்றே வழி. பக்கத்து ரப்பர் புஷ்ஷைக் கழற்றாமல், பேட்டரி நெகட்டிவ்வைப் பிரிக்காமல் வெல்டிங் வேண்டாம்.

போல்ட் வெளியே வந்து, அதன் மரையில் சுருள் சுருளாக இரும்புத் துணுக்கு சுற்றியிருந்தால் நட்டின் மரைதான் போயிருக்கிறது. இதற்கு ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போடலாம். இது ஒப்பேற்று வேலை இல்லை. ஒழுங்காகப் போட்டால் பழைய மரைக்குக் குறையாது. 12.3 மி.மீ. டிரில், எம்12×1.25 ஹெலிகாயிலுக்கான தனி டேப் (மரை வெட்டும் கருவி), 18 மி.மீ. நீளச் சுருள் வேண்டும். நட்டு அதைவிடக் குட்டையானால் அதற்கேற்ற சுருள். சாதாரண எம்12 டேப் உதவாது. பிட்ச் 1.5, 1.75 உள்ள எம்12-உம் உண்டு. மரையை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தபின் வாங்குங்கள்.

டிரில் நேராக நிற்பதுதான் பாதி வேலை. படுத்துக்கொண்டு கையால் பிடித்தால் சாய்ந்துவிடும். சப்ஃப்ரேமை இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது. டேப்புக்கு எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. துணுக்கை ஊதி எடுத்துவிட்டு, சுருளை மேல்விளிம்புக்கு அரை மரை கீழே இறங்கும்வரை திருகி, அடியிலுள்ள வாலைத் தட்டி ஒடித்து வெளியே எடுங்கள்.

நட்டுக்குப் பின்னால் ஸ்பேனர் நுழைய இடமிருந்தால் இன்னும் சுலபம். பழைய மரையை 12 மி.மீ. டிரிலால் வழித்துவிட்டு நீள போல்ட் விட்டு, பின்பக்கம் அகன்ற விளிம்புள்ள ஃபிளாஞ்ச் நட்டு போடுங்கள். இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும். புஷ் இருக்கும் இடத்தில் மரை இல்லாத வழவழப்பான பகுதி வர வேண்டும். எம்14-க்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால், புஷ் குழாயின் துளை 12-தான் என்று நினைவூட்டுங்கள்.

எந்த வழியானாலும் போல்ட் புதிதாக, பழையதன் தலையில் பொறித்திருந்த அதே கிரேடில் (வலிமை எண்ணில்) இருக்கட்டும். முதல் நாலைந்து சுற்று கையால்தான். கடைசி இறுக்கம், வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, மேனுவலில் உள்ள டார்க்கில். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் நட்டின் மரை போய்விட்டது. நட்டை அப்படியே வெல்ட் வைக்கலாமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: கூடாது. சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸும் பிளாஸ்டிக் இருக்கையும் கருகும், தண்டும் பதம் கெடும். தண்டின் மரை நன்றாக இருந்தால் புது நட்டு போதும். இல்லையென்றால் புது பால் ஜாயின்ட். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னின் துளை நேர்படாவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்கி நேர்படுத்துங்கள், தளர்த்தி அல்ல. ஸ்பிலிட் பின்னும் புதிதாகவே இருக்கட்டும்.