பெஞ்சில் இருந்தவன்

அன்புள்ள சார்,

இப்போதைய கால்பந்து வீரர்கள் தொடை லேசாகப் பிடித்தாலே மூன்று வாரம் ஓய்வு என்று போய்விடுகிறார்கள். சம்பளமோ கோடிகளில். 1970 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர் தோள்மூட்டு நழுவியும் கையைக் கட்டிக்கொண்டு ஆடினாரே, அந்த அர்ப்பணிப்பு எங்கே போனது? சின்னச் சின்னக் காயங்களோடு ஆடுவது தொழில்முறை வீரரின் கடமை இல்லையா?

க.

அன்புள்ள க.,

சம்பளப் பேச்சை ஓரமாக வையுங்கள். சம்பளத்தைப் பார்த்துத் தசை ஆறுவதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது பெக்கன்பவர்தான், ஏனென்றால் ஒரு வாரமாக நானும் அந்த ஆட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெக்சிகோ சிட்டி, ஆஸ்டெக்கா மைதானம், இத்தாலியோடு அரையிறுதி. அந்தப் படத்தை நூறு முறை பார்த்திருப்பீர்கள், அவர் ஏன் வெளியே போகவில்லை என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா? அன்று ஓர் அணிக்கு இரண்டு மாற்று வீரர்கள்தான். மேற்கு ஜெர்மனி இரண்டு பேரையும் இறக்கிவிட்டிருந்தது. அவர் போனால் பத்துப் பேர். அவ்வளவுதான் விஷயம். அவர் இடத்தில் ஆட ஓர் ஆள் இருந்து, அப்போதும் கட்டோடு நின்றிருந்தால் அவரைத் திட்டித்தான் எழுதியிருப்பேன். (ஜெர்மனி 4-3 என்று தோற்றது தனிக்கதை.)

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2014-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், லிஸ்பன், அட்லெட்டிகோ மாட்ரிட்டும் ரியல் மாட்ரிட்டும். அட்லெட்டிகோ மாட்ரிட்டின் டீகோ கோஸ்டா ஒரு வாரம் முன்புதான் தொடைத்தசை பிடித்து ஓர் ஆட்டத்தின் பாதியில் வெளியேறியிருந்தார். பெல்கிரேடுக்குப் போய்க் குதிரையின் நஞ்சுக்கொடி வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். பயிற்சியாளர் சிமியோனே அவரை இறக்கினார். ஒன்பதாவது நிமிடம் வெளியே. ஒன்பது நிமிடம்தானே என்பீர்கள். அந்த ஒன்பது நிமிடத்துக்கு அட்லெட்டிகோ கொடுத்த விலை, அன்று அனுமதித்த மூன்று மாற்றங்களில் ஒன்று. 93-ஆவது நிமிடத்தில் ரியலின் செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே அட்லெட்டிகோவின் தடுப்பு வீரர் ஹுவான்பிரான் காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறார், அவருக்குப் பதிலாக இறக்க ஆள் இல்லை, மூன்றும் முடிந்துவிட்டது. ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது கோலுக்கு டி மரியா புகுந்தது அவர் பக்கமாகத்தான். 4-1 என்று ரியல் ஜெயித்தது. இதில் தியாகம் செய்தது யார் சார், கோஸ்டாவா, ஹுவான்பிரானா?

"சின்னக் காயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நகம் பெயர்ந்தது, முட்டி சிராய்த்தது, இதோடெல்லாம் ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மாதக்கணக்கில் விடாத வலிக்கு ஊசி போட்டு இறங்குவது வேறு. அர்ஜென்டினாவின் கோல் வீரர் பாடிஸ்டூட்டா ஆட்டத்தை விட்டபின், மூன்று மீட்டர் தள்ளியிருந்த கழிப்பறைக்கு நடக்க முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததாகவும், காலை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அவர் கோல்களுக்குக் கைதட்டியவன் நானும்தான், அதனால் உங்களை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. ஆட்டத்தின் மேலுள்ள பிரியத்தில் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது.

நானும் ஆடியவன்தான், கல்லூரி அணியில் லெஃப்ட் விங். இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கணுக்கால் பிசகியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கிரேப் பேண்டேஜ், அதன்மேல் இரண்டு சாக்ஸ், பூட்ஸில் மேல் இரண்டு துளைகளையும் விட்டுவிட்டு லேஸ் கட்டினால்தான் கால் நுழைந்தது. ஆளைத் தாண்டிப் போக வேண்டிய ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் தட்டிவிட்டேன். பெஞ்சில் என் இடத்துக்கென்று ஒரு ஜூனியர் பையன், அந்த வருஷம் ஒரு நிமிடம்கூட ஆடாதவன், லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது யாரும் சொல்லாமலே எழுந்து, கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கார்னர் கொடியைப் பார்த்தேன்.

தோற்றோம். அப்புறம் பூட்ஸைக் கழற்றியதும் வீக்கத்தைப் பார்த்து எல்லோரும் முதுகில் தட்டினார்கள். பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தது அந்தப் பையன்தான். துண்டில் சுற்றிக் காலில் வைத்து, "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றான்.

இல்லடா என்றேன்.