வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன் ஒரு வார்த்தை

ஐயா,

தென்காசியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மார்க் மோசமில்லை, ஆனால் ராத்திரி பதினொரு மணி வரை மைன்கிராஃப்ட் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் எதையோ கட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் உங்கள் மைத்துனர், ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருஷத்துக்கு 22 லட்சம். அதற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. முதலில், பயப்படாதீர்கள். பிள்ளை கெட்டுப்போய்விடவில்லை.

ஆறுதல் இவ்வளவுதான். இனி நேராகவே சொல்கிறேன்: பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

22 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை என்று போட்டுப் பாருங்கள். மாதம் 29,000 ரூபாய் வருகிறது. படித்து முடித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் கையில் வாங்குகிற சம்பளமே அந்த அளவுதான். அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமென்றால் பொறியியல் கலந்தாய்வு இருக்கிறது. மார்க்குக்குக் கிடைக்கிற கல்லூரியில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் படிக்கலாம். காசு கொடுத்து வாங்குகிற சீட்டில் கூடுதலாக வருவது கடன் மட்டும்தான். மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை. நான்கு வருஷம் அந்த வகுப்பில் உட்காரப்போவதும் அவரில்லை.

கலந்தாய்வு, நீட், சி.ஏ. பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மழை விடுமுறையில் தோழிகளெல்லாம் சேர்ந்து படிக்க மகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு கூடம் கட்டினாள், பக்கத்தில் நிற்பவர் குரல் மட்டும் கேட்கும்படி ஏதோ மாட் (விளையாட்டில் சேர்க்கிற கூடுதல் வசதி) போட்டாள், எல்லாரும் வாசலிலேயே கும்பலாக நின்று ஒரே சத்தமாகிவிட்டது, உடனே இடித்துவிட்டு மறுபடி கட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை வாசலை ஓரமாகத் தள்ளி, கூடத்தை மூன்று சின்ன அறைகளாகப் பிரித்து, நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பலகை வைத்தாளாம்.

ஐயா, இது விளையாட்டு நேரத்தில் நடந்த வேலை. ஆட்கள் எங்கே நிற்பார்கள், யார் குரல் யாருக்குக் கேட்க வேண்டும் என்று யோசித்து, தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல்!

தூரத்தில் இருப்பவர்கள் ஒன்றாகக் கூடி வேலை செய்ய, கம்ப்யூட்டருக்குள் மெய்நிகர் இடங்களை வடிவமைப்பது இன்று ஒரு தொழில். கொரோனா காலத்தில் வீடியோ மீட்டிங்கில் எல்லாரும் அலுத்துப்போனோமே, அதற்கான காரணங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எடுத்துச் சொன்னார். அத்தனை முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, இடத்தைவிட்டு நகர முடியாதது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. இந்தத் தொல்லைகள் இல்லாத இடத்தை உருவாக்குவதுதான் இந்த வடிவமைப்பாளர்களின் வேலை. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960-களில் அளந்து சொன்ன கணக்கு இங்கே அன்றாடம் பயன்படுகிறது: அதிகம் பழக்கமில்லாதவர்கள் வேலை விஷயம் பேசும்போது இடையில் ஏறக்குறைய 4 முதல் 12 அடி விடுகிறார்கள். திரைக்குள் ஒரு மேசை போட்டாலும் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். குரல் எத்தனை அடியில் மங்க வேண்டும், புதிதாக நுழைபவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், பலகையில் எழுதியது விலை குறைந்த போனிலும் படிக்க வருமா என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு. கண்ணில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டில் படம் நொடிக்கு 72 அல்லது 90 தடவை மாறுவது வழக்கம்; வடிவத்தில் பாரத்தை ஏற்றி அது குறைந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரத் தொழிற்சாலையில் நிஜ உற்பத்தி தொடங்கும் முன்பே, 2023 மார்ச்சில் மெய்நிகர் வடிவில் அதை இயக்கிக் காட்டியது. வெவ்வேறு ஊரில் இருந்த திட்டப் பொறியாளர்கள் அந்த ஒரே தொழிற்சாலைக்குள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ரோபோவை எங்கே வைப்பது என்பதை அங்கேயே தீர்த்துக்கொள்ள முடிந்தது.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றியபோது, மெட்டாவெர்ஸ் எனும் மெய்நிகர் உலகம் பற்றி எழுந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. ஆட்கள் கூடிப் பேசும் மெய்நிகர் தளமான மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மோசில்லாவும் அதே மாதிரியான தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது. ஆகவே "மெட்டாவெர்ஸ் டிப்ளமோ" என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்குப் போகவே வேண்டாம். குறிப்பிட்ட சாஃப்ட்வேர் போய்விடும். வடிவமைக்கத் தெரிந்தவருக்கு ஆப் வடிவமைப்பு, கேம், அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பயிற்சி என்று வேறு வாசல்கள் இருக்கும்.

அதற்கான படிப்பு பி.டெஸ்., அதாவது நான்கு வருஷ டிசைன் பட்டப்படிப்பு. அதில் சேர மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வு பற்றி நம் பள்ளிகளில் யாரும் வாய் திறப்பதில்லை. பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் எழுதலாம், ஜே.இ.இ. தேவையில்லை. வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. சென்னையிலேயே மையம் உண்டு. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. மூன்று மணி நேரத்தில் முதல் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில்: ஒரு பொருளைத் திருப்பினால் எப்படித் தெரியும், மடித்த காகிதத்தை விரித்தால் என்ன உருவம் வரும் என்கிற மாதிரிக் கேள்விகள். கடைசி ஒரு மணி நேரம் காகிதத்தில் கையால் வரைய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் அதிகபட்சம் இரண்டு தடவை எழுதலாம். மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் போன்ற ஐ.ஐ.டி.களிலும் ஜபல்பூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மிலும் இந்த மார்க்கில் சேர்கிறார்கள். கல்விக் கட்டணம் ஐ.ஐ.டி.யில் ஆண்டுக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்கள் கடை வருமானத்துக்கு ஒழுங்காகச் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

போட்டி கடுமை, 2025-இல் மொத்த இடங்களே 250-ஐ ஒட்டித்தான். கிடைக்காவிட்டால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் படிக்கலாம், அல்லது சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன். அரசுக் கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். இதிலும் கிடைக்காமல் கலந்தாய்வில் இன்ஜினீயரிங் சேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடன் வாங்கிச் சேர்ப்பதற்குத்தான் ஆட்சேபம், அது டிசைன் படிப்பாகவே இருந்தாலும்.

இன்னொன்று. இந்த முடிவை உறவினர்கள் சூழ எடுக்காதீர்கள். மகள் கட்டிய அறையைத் திறந்து காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏன் வாசலை மாற்றினாய் என்று கேளுங்கள். ஆர்வமாகப் பதில் சொன்னால் யூசீட் எழுதட்டும். எனக்கு இது பொழுதுபோக்குதான், கோடிங்தான் பிடிக்கும் என்று சொன்னால் அதையும் நம்புங்கள். நான் எழுதியதற்காக அவளைத் தள்ளாதீர்கள்.

புது லேப்டாப்பும் ஹெட்செட்டும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் சாஃப்ட்வேர் இலவசம், கடையில் பில் போடும் கம்ப்யூட்டரிலேயே சின்னச் சின்ன மாதிரிகள் செய்து பழகலாம். ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் மெய்நிகர் உலகம் பற்றிய பேராசிரியர் ஸ்டீவ் லவால் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. தேர்வு முடிந்த விடுமுறையில் பார்க்கட்டும். ஜனவரி வரை தேவை ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் 2பி பென்சிலும். வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம், உங்கள் கடையில் இருக்கும் குழாய், கொண்டி, பூட்டு, வாளி எதையாவது எதிரே வைத்து மூன்று கோணத்தில் வரையச் சொல்லுங்கள். மற்ற நேரம் பப்ளிக் எக்ஸாமுக்கு.