அந்த பேட்டரியை மூன்று இரவு சார்ஜில் போடாதீர்கள்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமரா இருக்கிறது. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சிற்பங்களையும் குளத்துப் பறவைகளையும் படமெடுப்பேன். முன்பெல்லாம் ஒருமுறை சார்ஜ் செய்தால் நாள் முழுவதும் தாங்கும். இப்போது நூறு படம் எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. “சுத்தமாகத் தீர்த்துவிட்டு, மூன்று இரவு விடியவிடிய சார்ஜில் போடுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால் 600 ரூபாய்க்குப் புதிது ஒன்று தருகிறேன்” என்கிறார் கடைக்காரர். எதைச் செய்வது? - கும்பகோணம் வாசகர்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

‘சுத்தமாகத் தீர்த்துவிட்டு சார்ஜ் செய்’ என்பது நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் இருந்த காலத்து அறிவுரை. தோளில் வைத்துப் படமெடுத்த பழைய வீடியோ கேமராக்களுக்கு அது பொருந்தியது. உங்கள் கேமராவில் இருப்பது எல்பி-இ10 என்ற லித்தியம்-அயனி பேட்டரி. இந்த வகை 1991-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பழைய வைத்தியத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லித்தியம் பேட்டரியை அடிமட்டம் வரை தீர்ப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். தேய்ந்துபோன கொள்ளளவு எந்த வைத்தியத்தாலும் திரும்பாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நிறையப் பேர் குழம்புவதே இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளியே மாட்டும் ஃபிளாஷில் நான்கு பென்சில் செல் போடுகிறோம் அல்லவா? ரீசார்ஜ் செய்யக்கூடிய அந்த செல்கள் நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகை. அவை மாதக்கணக்கில் சோம்பிக் கிடந்திருந்தால், ஓரிரு முறை முழுவதும் தீர்த்து நிரப்பினால் கொஞ்சம் தெளியும். ஆனால் அதையும் ஃபிளாஷில் போட்டுத் தீர்க்கக் கூடாது. நான்கும் வரிசையாக இணைந்திருக்கும்போது பலவீனமானது முதலில் காலியாகிவிடும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, அந்த ஒரு செல்லின் நேர், எதிர் முனைகள் தலைகீழாகி, அது நிரந்தரமாகக் கெட்டுப்போகும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத் தீர்த்து நிரப்பும் சார்ஜர் கிடைக்கிறது, அதில்தான் செய்ய வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே மார்க்கரால் எண்ணிட்டு, எப்போதும் ஒரு குடும்பமாகவே பயன்படுத்துங்கள். இந்த விதிவிலக்கு ஃபிளாஷ் செல்லுக்கு மட்டுமே. கேமரா பேட்டரிக்குக் கொண்டுவராதீர்கள்.

இனி உங்கள் பேட்டரிக்கு வருவோம். அது எத்தனை முறை சார்ஜ் ஆனது என்பதைவிட, சும்மா கிடந்த நாட்களில் எப்படிக் கிடந்தது என்பதே உங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக்காரர்களுக்கு முக்கியம். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் முழுதாக நிரப்பி, பையில் போட்டு, பீரோமேல் வைத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள், பொறுப்பான பழக்கம் என்றும் நம்புகிறார்கள். ஆனால் நிரம்பிய நிலையில் வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாக மூப்படையச் செய்கிறது. ஆறு நாள், கோடைக்காலம், கான்கிரீட் கூரைக்கு அடியில் ஒரு பீரோ. நான்கு ஆண்டுகள் இப்படியே போனால் அது தேயாமல் என்ன செய்யும்?

வழக்கத்தை மாற்றுங்கள். ஏறக்குறைய பாதி இருப்போடு, கேமராவிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். சனிக்கிழமை இரவு நிரப்புங்கள். நிரம்பியதும் சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். கேமராவுக்குள்ளேயே விட்டுவைத்தால், அணைத்திருந்தாலும் சிறிது மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடும். வெயிலில் நிற்கும் காருக்குள் கேமரா பையை விடவே விடாதீர்கள். வெளியே அலைந்துவிட்டு வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல், அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஒருமுறை சார்ஜ் செய்து கூடுதல் படம் எடுக்க வேண்டுமானால், பின்பக்கத் திரையைப் பார்த்துப் படமெடுப்பதைக் குறையுங்கள். உங்கள் கேமராவுக்கு நிறுவனம் சொல்லும் 500 படம் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கான கணக்கு. திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ முறையில் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பறவைக்காகக் காத்திருக்கும்போது ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். அப்போது லென்ஸுக்குள் அதிர்வைத் தடுக்கும் பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். காதை அருகில் வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். அது உங்கள் பேட்டரி கரையும் ஓசை. விரலை எடுத்துவிட்டு, பறவை சிறகை விரிக்கும்போது அழுத்துங்கள். வைஃபை தேவையில்லாதபோது அணைத்துவையுங்கள். தானாக அணையும் நேரத்தை 30 விநாடியாக்குங்கள்.

இப்படிச் செய்து இரண்டு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் நூறு படத்தில் நின்றால் பேட்டரி முடிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான். (நிக்கான் கேமராக்கள் பலவற்றில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை எண்ணாகவே காட்டும். 4 என்றால் மாற்ற வேண்டும். உங்கள் கேமராவில் அந்த வசதி இல்லை.)

அந்த 600 ரூபாய் பேட்டரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு ஒருவர் இதே எல்பி-இ10 உருவத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே 1800 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்று அச்சிட்டிருந்தது. அசல் பேட்டரியே 860 எம்ஏஎச் தான். அதே அளவு பெட்டிக்குள் இரண்டு மடங்குக்கு மேல் எங்கிருந்து வரும்? கையில் எடுத்ததுமே எடை குறைவு தெரிந்தது. மேலோட்டைப் பிளந்தேன். உள்ளே இரண்டு சிறிய செல்கள், ஆடாமல் இருக்க நடுவில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. அதை ‘அசல் போலவே’ என்று சொல்லித் தலையில் கட்டியிருந்தார்கள். உப்பிப்போன போலி பேட்டரி கேமராவுக்குள் சிக்கிக்கொண்டு, அதை எடுக்க அடிப்பாகத்தையே கழற்ற வேண்டிய நிலையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கேமராக்களாவது என் மேசைக்கு வருகின்றன. அந்த பழுதுக்கு ஆகும் கூலியில் அசல் பேட்டரியே வாங்கியிருக்கலாம்.

இன்னும் மோசமானது, ‘செத்துப்போன பேட்டரியை எழுப்பித் தருகிறேன்’ என்பவர்களின் வேலை. அடிமட்டத்துக்குக் கீழே போன பேட்டரியை சார்ஜர் ஏற்காமல் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிலையில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கக்கூடும், மீண்டும் மின்சாரம் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். இவர்கள் இரண்டு ஒயரை நேரடியாக வைத்து அழுத்தி ஏற்றிவிடுகிறார்கள். சார்ஜர் பச்சை காட்டும், நீங்களும் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். தீப்பிடித்தால் அது உங்கள் வீட்டில்.

இந்தியாவில் விற்கும் இத்தகைய பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரநிலைப்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பேட்டரியில் இருக்க வேண்டும். விதி இருக்கிறது. கடைத்தெருவில் எண்ணே இல்லாத சரக்கு பட்டப்பகலில் விற்கிறது, யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்காததால் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள், ஜிஎஸ்டி ரசீது கேளுங்கள், ‘இருந்தால் தருகிறேன்’ என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் தளத்தின் பெயரைவிட விற்பவரின் பெயரைப் பாருங்கள். விலை கையைச் சுடும், மறுக்கவில்லை. ஒன்றுக்கு மேல் வாங்க முடிந்தால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது சுமத்தி 2022-இல் விதிகள் வந்தன. கடையில் போய்க் கேட்டால் இன்னமும் விழிக்கிறார்கள். என் மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய செத்த பேட்டரிகள் காத்திருக்கின்றன. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடம் உங்களுக்குக் கிடைக்கும்வரை, உலோக முனைகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாவியோ சில்லறையோ படாத இடத்தில் தனியாக வையுங்கள்.